பக்கத்துக் கரை

என் வீட்டுக்கு யோசனை கேட்டு வருகிறவர்கள் அநேகமாக இரண்டு வகை. கதை எழுதிவிட்டு, அதை எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று கேட்பவர்கள் ஒரு வகை. பிறந்த குழந்தைக்கு நல்ல தமிழ்ப் பெயராக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. வியாபாரத்தில் பணம் போடலாமா என்று கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. வராததற்குக் காரணம் ஊரறிந்தது. நாற்பது வருஷம் எழுதிச் சம்பாதித்த பணத்தில் நான் கட்டிய வீட்டின் மாடிப்படிக்கு இன்னும் கைப்பிடி வைத்தபாடில்லை.

ஆகவே, கோவில்பட்டிப் பக்கத்து நண்பர் ஒருவர் தம் மகனை என்னிடம் அனுப்பியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "பையன் நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். மூன்று ஏக்கர் கரிசலை விற்றுத் தூத்துக்குடியில் கிட்டங்கி வாங்கப் போகிறானாம். வெங்காயமும் வற்றலும் கொழும்புக்கு அனுப்பப் போகிறானாம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று நண்பர் முன்கூட்டியே டெலிபோனில் சொல்லியிருந்தார்.

பையன் கெட்டிக்காரன். வந்து உட்கார்ந்ததும் என் எழுத்து மேஜையிலிருந்த காகிதங்களை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, ஒரு தேசப்படத்தை விரித்தான். பென்சிலால் நாலைந்து கோடுகள் போட்டிருந்தான்.

"பாருங்க பெரியப்பா. இது துறைமுகம். இது ரயில். இது மதுரைக்குப் போகிற நாலுவழிச் சாலை. இங்கே விமான நிலையம். எதிரே கொழும்பு. ராத்திரி கப்பல் புறப்பட்டால் விடிந்ததும் அங்கே சரக்கை இறக்கிவிடலாம். முதல் போட இதைவிட வசதியான இடம் வேறே ஏது?"

கோடுகளில் தவறு ஒன்றுமில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. இதே கோடுகளை இதே கரையில் நின்றுகொண்டு அவனுக்கு முன்னால் பல பேர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் தாய்மாமன். அந்தப் பழைய கோடுகளின் கதையைத்தான் அன்று அவனுக்குச் சொன்னேன். வாசகர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876ஆம் ஆண்டில். அந்தக் காலத்தில் அங்கே இன்றுள்ளது போன்ற துறைமுகம் கிடையாது. கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் படகில் ஏறித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். இத்தனை அசௌகரியத்திலும் அந்த ஊர் செழித்தது. ஏன்? பின்னால் கரிசல் காடு முழுவதும் பருத்தி. எதிர்க்கரையில் இலங்கையின் தோட்டங்கள். 1869இல் காப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றி, சில வருஷங்களில் அந்தப் பயிரையே அழித்தது. அதன்பின் மலைகள் முழுவதும் தேயிலை ஏறியது. காப்பிக்கும் சரி, தேயிலைக்கும் சரி, கொத்தவும் கிள்ளவும் வேண்டிய கைகள் மதுரை, திருநெல்வேலி, திருச்சி, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போயின. அந்தக் கைகளுக்கு வேண்டிய அரிசியும் துணியும் அவர்கள் பின்னாலேயே போயின.

ரயிலும் கப்பலும் சந்திக்கும் இடத்தில் முதல் போடுவது லாபம் என்பதை முதலில் புரிந்துகொண்டவர்கள் வெள்ளைக்காரர்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் அருவி நீரின் வேகத்தைக் கொண்டு பஞ்சாலை நடத்தினார்கள். பின்பு தூத்துக்குடியில் கோரல் மில் வந்தது. பருத்தி பக்கத்தில், ரயில் வாசலில், கப்பல் எதிரில். என் நண்பர் மகன் போட்ட அதே கோடுகள்தான்.

இரண்டாவதாகப் புரிந்துகொண்டவர் ஒரு வக்கீல். வ. உ. சிதம்பரம் பிள்ளையைத் தியாகி என்று நாம் எல்லோரும் வணங்குகிறோம். அவர் நல்ல வியாபாரக் கணக்கும் போட்டவர் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளும் சரக்கும் ஓயாமல் போய் வருகின்றன. ஆனால் கட்டணம் முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குப் போகிறது. இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் 1906ஆம் ஆண்டு பதிவான சுதேசி நாவாய்ச் சங்கம். மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். மற்றவை சிறு வியாபாரிகளும் சாமான்ய ஜனங்களும் வாங்கியவை.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். எதிர்க் கம்பெனி நெருக்கவே, அந்த வாடகை நடுவில் நின்றது. சொந்தக் கப்பல் இல்லாமல் காரியமில்லை என்று கண்டு, 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் நடந்த கட்டணப் போர் ஒரு பெரிய நாவலுக்குக் காணும். அவர்கள் ஒரு ரூபாய்க்குக் குறைத்தால், இவர்கள் எட்டணாவுக்குக் குறைத்தார்கள். கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டே வேண்டாம் என்று சொல்லி, ஏறுகிறவர்களுக்குக் கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

கட்டணத்தால் தோற்கடிக்க முடியாததை அதிகாரத்தால் முடித்தார்கள். கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்த கையோடு, 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை கைதானார். இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம் என்று தீர்ப்பு. பிறகு அது மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. சங்கத்தின் கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலைபோனது என்ற செய்தி, செக்கைவிட அதிகமாக அவரை வருத்தியிருக்கும். 1912 டிசம்பரில் விடுதலையானபோது அவருடைய வக்கீல் சன்னதும் போயிருந்தது.

"பார்த்தாயா தம்பி," என்று நான் பையனைக் கேட்டேன். "ஊர் அதேதான். கடலும் அதேதான். ஹார்விக்கு அதில் மில் வந்தது. பிள்ளைக்குச் செக்கு வந்தது. உன் பென்சில் கோட்டில் இந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது?"

அவன் சிரித்தான். "அது வெள்ளைக்காரன் காலம், பெரியப்பா" என்றான்.

சரி, மேலே கேள் என்று பாம்பனுக்கு அழைத்துப் போனேன்.

தூத்துக்குடி வழியாக இலங்கைக்குப் போவதில் ஓர் இரவு முழுவதும் கடலில் கழிந்தது. ராமேசுவரம் தீவின் நுனியிலிருந்து தலைமன்னாருக்கோ சுமார் 20 மைல்தான். எனவே தென்னிந்திய ரயில்வேக்காரர்கள் பாம்பன் கால்வாய்க்கு மேலே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளத்தில் பாலம் கட்டினார்கள். நடுவில் கப்பல் வந்தால் இரண்டாகப் பிளந்து மேலெழும் கதவு. ஆட்கள் நின்று கையாலேயே அதைத் திறப்பார்கள். 1914 பிப்ரவரி 24ஆம் தேதி பாலம் திறந்தது. மார்ச் முதல் தேதி தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரைக்கும் போகலாம். நடுவில் கடல் ஒன்று இருப்பதையே அந்த டிக்கெட் லட்சியம் செய்யவில்லை.

தூத்துக்குடியில் 'போட் மெயில்' பிரயாணிகளை நம்பிச் சாப்பாட்டுக் கடையும் தங்கும் விடுதியும் வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அவர்கள் ஊரும் ஓர் அங்குலம் நகரவில்லை. வழி நகர்ந்துவிட்டது.

அந்த வழி பெற்ற பிள்ளைதான் தனுஷ்கோடி. மணல் திட்டில் ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், கோயில், கடைத்தெரு எல்லாம் எழுந்தன. என் தாய்மாமன் அங்கே ஒரு ஜவுளிக் கடை வைத்திருந்தார். கப்பலேறப் போகிறவர்கள் கடைசி நிமிஷத்தில் வேட்டி, துண்டு, பனியன், மதுரைச் சுங்குடி என்று கட்டுக்கட்டாக வாங்குவார்கள்.

1963இல் எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறைக்கு மாமா என்னை அழைத்துப் போயிருந்தார். ரயில் வந்து நிற்கும். பெட்டிகளிலிருந்து ஜனங்கள் இறங்கிக் கப்பலை நோக்கி நடப்பார்கள். இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்களின் பெயரையும் நான் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். கப்பல் ஊதியதும் மாமா கல்லாவை இழுத்துச் சாத்திவிட்டு, "இந்த ஊரிலே ஒரு குழி நஞ்செய் கிடையாதுடா. ரயில் வருது, கப்பல் வருது. அதுதான் நமக்கு வயல். இரண்டு கரை இருக்கிற வரைக்கும் இது தரிசாகாது" என்பார்.

1964 டிசம்பரில் பொங்கல் சரக்கு எடுப்பதற்காக மாமா மதுரைக்குப் போனார். பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டியிருந்ததால் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்துப் போயிருந்தார். 22ஆம் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களோடு கடலுக்குள் போயிற்று. ஊர் போயிற்று. மாமா மண்டபம் வரையில் வந்து பார்த்தார். பாலம் சிதைந்து கிடந்தது. கடையில் படுத்திருந்த பையனைப் பற்றிச் சாகும் வரைக்கும் அவர் வாய் திறந்ததில்லை. பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ஆனால், குடியிருக்கத் தகாதது என்று அரசாங்கம் சொல்லிவிட்ட ஊரில் யார் போய்க் கடை வைப்பது?

"புயல் என் வியாபாரத்தைக் கொண்டுபோயிற்று" என்றுதான் மாமா கடைசி வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் அப்படியே நம்பினோம். அவர் காலமான பிறகு அந்தக் கணக்கு நோட்டு என்னிடம் வந்தது. கதைக்கு ஏதாவது அகப்படுமா என்ற ஆசையில்தான் அதைப் பிரித்தேன். அகப்பட்டது வேறு.

மாமா ஒவ்வொரு நாள் விற்பனையையும் இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார்: 'உள்ளூர்', 'அக்கரை' என்று. 1950களின் நடுவில் அக்கரைப் பத்தி பக்கம் நிறைய ஓடுகிறது. 1960க்குப் பிறகு அது மெலிந்துகொண்டே வருகிறது. கட்டுக்கட்டாக இருந்தது டஜனாகிறது, டஜன் ஜோடியாகிறது. 1964 நவம்பரில் அந்தப் பத்தியில் வெற்று நாட்களே அதிகம். உள்ளூர்ப் பத்தியில் ராமேசுவர யாத்திரிகர்கள் வாங்கிய துண்டுகளைத்தான் கடை நம்பியிருந்திருக்கிறது. புயலுக்கு நாலு வருஷத்துக்கு முன்பிருந்தே வயல் தரிசாகிக்கொண்டிருந்தது. அதை எழுதிய கைக்கே அது தெரியவில்லை.

காரணம் என்ன என்று சரித்திரப் புத்தகங்களைப் புரட்டினேன். 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. அங்கே அரசாங்கத்தில் தினக்கூலியாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கியதற்கு அது பதில். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலைத்தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. குடிவரவுச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. முன்பு டிக்கெட் மட்டும் கேட்ட கடல், பிறகு தஸ்தாவேஜும் கேட்கத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விழுந்தது. வேட்டிக் கட்டோடு இறங்கியவன் தலைமன்னார் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மாமாவின் 'அக்கரை'ப் பத்தியில் இருந்தவர்களைத்தான் டில்லியில் மேஜைமேல் வைத்துப் பங்கிட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முடிவதற்குள் புயல் வந்தது.

பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது உண்மை. அக்கரையிலிருந்து அது ஏற்றிவந்த ஜனங்கள் ஜவுளி வாங்கும் நிலையில் இல்லை. இரண்டு மூன்று தலைமுறை அங்கே தேயிலை கிள்ளிவிட்டு, தகரப் பெட்டியும் குழந்தையுமாக முன்பின் பாராத சொந்த நாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1980களில் யுத்தம் அந்தக் கப்பலையும் நிறுத்தியது. ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தடுத்து வைத்து அம்மை குத்தி அனுப்பிய மண்டபம் முகாமில் அகதிகள் வந்து தங்கினார்கள். 1990இல் மன்னார்ப் பக்கத்து ரயிலும் நின்றது.

இதுவரை கேட்ட பையன், "அதெல்லாம் முடிந்துபோச்சே, பெரியப்பா. இப்போது கதையே வேறே" என்றான்.

வேறேதான். ஒப்புக்கொள்கிறேன். 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. 2011இல் அதற்குச் சிதம்பரனாரின் பெயரையே வைத்தார்கள். இரு நாடுகளுக்கும் இடையே 1998இல் கையெழுத்தான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. இந்தியச் சரக்குப் பெட்டிகளை வாங்கிப் பெரிய கப்பல்களுக்கு மாற்றி ஏற்றுவதே கொழும்புத் துறைமுகத்தின் பெரிய வருமானமாக இருந்து வருகிறது. தலைமன்னார் வரைக்கும் 2015இல் மறுபடி தண்டவாளம் போட்டுவிட்டார்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப்பாலமும் திறந்துவிட்டது. ரயில் இரு கரையையும் நெருங்கியிருக்கிறது. நடுவிலுள்ள 20 மைலுக்குத்தான் கப்பலைக் காணோம்!

மற்ற இடங்களில் கப்பல் விட்டுப் பார்க்காமலும் இல்லை. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பெரிய பிரயாணிக் கப்பல் ஒன்று புறப்பட்டது, நவம்பரில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒன்று புறப்பட்டது. அது ஒரு வாரம்தான் ஓடியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வேறொரு கப்பல் வந்து அந்த வழியை மறுபடி திறந்தது.

"பிரயாணிக் கப்பல் கிடக்கட்டும் பெரியப்பா. நான் அனுப்பப் போவது வெங்காயம்" என்றான் அவன்.

"வெங்காயத்துக்கே வருகிறேன்," என்றேன். "2023 டிசம்பர் முதல் 2024 மே வரை வெங்காயத்தை வெளியே விட மாட்டேன் என்று நிறுத்தியது யார்? நம் அரசாங்கம். உள்ளூரில் விலை ஏறக் கூடாது என்பது அவர்கள் கவலை. அது நியாயமான கவலைதான். 2020இல் மஞ்சளை உள்ளே விட மாட்டேன் என்று நிறுத்தியது யார்? இலங்கை அரசாங்கம். செலாவணி போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. அதன்பின் நம் கரையோரத்தில் மஞ்சள் மூட்டை பிடிபட்டதாகப் பத்திரிகையில் அடிக்கடி படித்தோமே, நினைவிருக்கிறதா? 2022இல் கடனைக் கட்ட முடியாது என்று அந்த நாடு கையை விரித்தபோது, அங்கே சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தவனின் ராத்திரி எப்படி இருந்திருக்கும்? இத்தனைக்கும் கடல் அதே கடல்தான். கொழும்பு ஒரு மைல்கூடத் தள்ளிப் போகவில்லை."

பையன் தேசப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அப்படியானால் இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டான்.

அப்படிச் சொல்ல நான் யார்? பக்கத்துக் கரையோடு வியாபாரம் செய்யாதே என்று சொன்னால், கொற்கையிலிருந்து முத்து போன காலம் முதல் நம் முன்னோர்கள் எல்லோரையும் முட்டாள்கள் என்று சொன்னதாகும். அண்டை நாட்டோடு கொடுக்கல் வாங்கல் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. சண்டையைக் குறைப்பதற்கும் அதைவிட நல்ல மருந்து இல்லை. நான் சொன்னது ஒன்றுதான். ரயிலும் சாலையும் துறைமுகமும் தருகிற வசதியை நிலம் மாதிரி நினைத்து விலை கொடுக்காதே. அது குத்தகை. குத்தகைக்கு விட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் டில்லியில் இருக்கிறார். ஒருவர் கொழும்பில் இருக்கிறார். இரண்டு பேரில் யார் நினைத்தாலும் ஒரே ராத்திரியில் அது முடிந்துவிடும். குத்தகை வயலிலும் நன்றாக விளைவிக்கலாம். ஆனால் சொந்த நிலத்தை விற்று யாரும் அதில் கிணறு வெட்ட மாட்டார்கள்.

மாமாவின் கணக்கு நோட்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "அக்கரைப் பத்தியை மட்டும் வரிசையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடு" என்றேன்.

பத்து நாள் கழித்து நோட்டு திரும்பி வந்தது. பழுப்பேறிய அட்டைக்கு அவன் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தான். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. வெங்காயம் கிட்டங்கியில் எத்தனை நாள் தாங்கும், கப்பல் நின்றால் எந்தச் சந்தைக்குத் திருப்பலாம், எவ்வளவு நஷ்டம் வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தான். நோட்டுக்குள் அதை மறந்து வைத்தானா, நான் பார்க்கட்டும் என்று வைத்தானா, தெரியாது.

சென்ற வாரம் நண்பர் டெலிபோன் செய்தார். பையன் தூத்துக்குடியில் பாதிக் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்திருக்கிறானாம். முதல் சரக்கு போய்ப் பணமும் வந்துவிட்டதாம். மூன்று ஏக்கரில் இந்த வருஷம் உளுந்து போட்டிருக்கிறார்களாம்.

"மழை எப்படி?" என்று கேட்டேன்.

"பெய்தால் சரி" என்றார்.